உடுமலை பிராஞ்ச் தனியா நின்ன மாசம்

என் பிள்ளைதாங்க அக்கா. நான் பெத்த பிள்ளைதான். நீங்க திரும்பித் திரும்பிப் பார்க்கிறதைக் கவனிச்சேன், அதான் நானே சொல்லிடறேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற சாக்கில ரெண்டு தடவை கேட்டுட்டார். முன்சீட்டுப் பெரியவர் வாய் திறந்து கேட்கலை, கண்ணாலேயே போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துட்டார். அவங்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பொம்பளை மடியில உட்கார்ந்துக்கிட்டு ஒரு பிள்ளை "அம்மாகிட்டப் போகணும், அம்மாகிட்டப் போகணும்"னு அழுதா யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு. காதும் என்னுடையதுதான். நிறம் மட்டும் அவங்க அப்பா.

பேர் மிதுனா. நான் வெச்ச பேர். அந்தப் பேரைச் சொன்னா திரும்ப மாட்டாள். அம்மிணின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவாள். இங்க பாருங்க... அம்மிணி... பார்த்தீங்களா? திரும்பினாள், நான்னு தெரிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுட்டாள். எனக்குச் சிரிப்பு வருது. சிரிக்காம என்னங்க பண்றது.

உங்ககிட்ட பிஸ்கட் வாங்கிக்கிட்டாளா? நல்லது. என் கையில வாங்க மாட்டேன்னுட்டாள். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. கொடுங்க கொடுங்க, நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்.

கோயமுத்தூர்தாங்க. உக்கடத்துல இறங்கணும். நீங்களும் அங்கதானா? அப்போ பேச நேரம் இருக்கு. பொள்ளாச்சியில வேற டீ குடிக்க நிறுத்துவான்.

இவள் அம்மான்னு அழறது எங்க மரகதக்காவை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பொண்டாட்டி. இவளுக்குப் பெரியம்மா. வாய் சரியா வராத வயசுல பெரியம்மாவில முன்பாதியை விட்டுட்டாள், பின்பாதியைப் பிடிச்சுக்கிட்டாள். நான் யார்னு கேளுங்க. போன் அம்மா. வீடியோ கால்ல வர்ற அம்மா. போனை வெச்சதும் நானும் போயிடணும், அதுதான் ஏற்பாடு. இன்னைக்குக் காலையில நேர்ல போய் நிக்கறேன், கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு மரகதக்காகிட்டச் சொல்றாள், "போன் அம்மா பெருசா இருக்கு"ன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மரகதக்கா சிரிக்கலை.

விட்டுட்டுப் போனது பொறுப்பில்லாம இல்லைங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே லாரி. அவர் ஓட்டினா இவர் தூங்குவார், இவர் ஓட்டினா அவர் தூங்குவார். நாசிக், அகமதாபாத்னு வீட்டுல இருக்கிற நாளைவிட வண்டியில இருக்கிற நாள்தான் அதிகம். எனக்குக் கோயமுத்தூர்ல ஒரு வேலை கிடைச்சது. எங்க ஊர் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு, பஸ்ல போய்ப் போய் வந்து பிசிஏ முடிச்சவளுக்கு அது பெரிய விஷயம். ஆனா தங்கறது லேடீஸ் ஹாஸ்டல். ஹாஸ்டல்ல பிள்ளை கூடாது. இவள் அப்போ தவழ்ந்துட்டு இருந்தாள். மரகதக்காதான், "நீ போ, நான் பார்த்துக்கறேன், என் பசங்க ரெண்டும் காலேஜ் போயாச்சு, வீடு வெறிச்சுன்னு கிடக்குது"ன்னாங்க. அவங்களாத்தான் சொன்னாங்க. நான் கேட்கலை. வேலை நிலைச்சதும் ஒரு வீடு பார்த்துக் கூட்டிட்டுப் போயிடறேன்னேன். ஆறு மாசம்னு பேச்சு.

ஆறு மாசம் எப்படி ஒண்ணரை வருஷம் ஆச்சுன்னா, அது மிஷினால.

லேப்ங்க. ரத்தம், சிறுநீர் டெஸ்ட் எடுக்கிற லேப். பேர் எதுக்கு, விடுங்க. கோயமுத்தூர்ல மெயின், பொள்ளாச்சியில ஒண்ணு, உடுமலையில ஒண்ணு. பேர், பில், ரிசல்ட் ஏத்தி வைக்கிற மிஷின்களை மூணு ஊர்லயும் சேர்த்து ஒரே மிஷின் மாதிரி ஓட வைக்கணும். எந்த ஊர்ல ரத்தம் கொடுத்தாலும் எந்த ஊர் கம்ப்யூட்டர்லயும் ரிசல்ட் வரணும். அதுக்குத்தான் என்னை எடுத்தாங்க.

புரியற மாதிரி சொல்றேன். ஒரே ஆபீஸுக்குள்ள இருக்கிற மிஷின்னா ஒண்ணையொண்ணு தானாவே கண்டுபிடிச்சுக்கும். ஒரு மிஷினைப் போட்டதும் அது "யாராவது இருக்கீங்களா"ன்னு ஒரு சத்தம் கொடுக்கும். அந்த ஆபீஸ்ல இருக்கிறது எல்லாம் "இருக்கேன் இருக்கேன்"னு பதில் சொல்லும். ஆனா அந்தச் சத்தம் ஆபீஸ் வாசல்ல இருக்கிற ரூட்டரைத் தாண்டாது. உடுமலை ஒரு நெட்வொர்க், பொள்ளாச்சி வேற, கோயமுத்தூர் வேற. இங்க நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் அங்க கேட்காது. அதனால ஒவ்வொரு மிஷின்லயும் மத்த ஊர் மிஷினோட அட்ரஸை நாமதான் எழுதி வைக்கணும். முழிச்சதும் இந்த இந்த அட்ரஸ்ல போய்க் கதவைத் தட்டுன்னு. தட்டும், திறந்தா சேர்ந்துக்கும், சேர்ந்ததும் தங்களுக்குள்ள ஒரு தலைவரை வெச்சுக்கும். தலைவர்கிட்ட இருக்கிறதுதான் உண்மை. அவ்வளவுதான் என் வேலை. கேட்க லேசா இருக்கு இல்ல?

தட்டியும் யாரும் திறக்கலைன்னா? அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. ரெண்டு பேராவது சேர்ற வரைக்கும் தலைவர் கிடையாது, சும்மா உட்கார்ந்திருன்னு வைக்கலாம். அதுதான் முறை. நானும் அப்படித்தான் வெச்சேன். ஆனா உடுமலையில நெட் லைன் அடிக்கடி போகும். போனா பில் போட முடியாது, கவுண்டர்ல கூட்டம் கத்தும். எங்க மேனேஜர் தங்கவேலு சார் வந்து, "ஏம்மா, வெறும் வயித்தோட ரத்தம் குடுக்க வந்தவன்கிட்ட, கோயமுத்தூர் மிஷின் இன்னும் கதவைத் திறக்கலைன்னா சொல்ல முடியும்? தனியா இருந்தாலும் வேலை பார்க்கிற மாதிரி வை"ன்னார். நான் சொன்னேன், சார், தனியா ஓடினா அது தன்னையே தலைவர்னு நினைச்சுக்கும், அப்புறம் சேர்க்கிறது கஷ்டம்னு. "கொஞ்ச நேரம் தனியா இருந்தா தலைக்கனம் வந்துருமாக்கும்"னு சிரிச்சார். நானும் சிரிச்சுக்கிட்டே மாத்திட்டேன். அவர்தானே மேனேஜர்.

லைன் போறப்பல்லாம் என் போன்ல ஒரு மணி அடிக்கும். தினமும் அடிச்சா மனுசி வேலை பார்க்க வேண்டாமா? உடுமலைக்கு மட்டும் அந்த மணியை நிறுத்தி வெச்சேன். யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க.

இந்தாங்க, தண்ணி குடிக்கிறாளா பாருங்க. உங்க கையில குடிக்கிறாளே. பரவாயில்லை, யார் கையிலயோ, உள்ள போனா சரி.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. உடுமலை கவுண்டர்ல தேவிகான்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. கம்ப்யூட்டர், ரத்தம் சுத்தற மிஷின், பிரிண்டர் எல்லாத்தையும் அணைச்சுத் துடைச்சு சந்தனம் குங்குமம் வெச்சிருக்காள். ரூட்டரைக்கூட விடலை. வயரையெல்லாம் பிடுங்கி, துணியால துடைச்சு, மூணு பட்டை போட்டு நடுவுல பெரிய பொட்டு. பக்கத்துல பொரிகடலை, வாழைப்பழம். போட்டோ எடுத்து குரூப்ல போட்டாள். நான் அதுக்கு ஹார்ட் போட்டேன். அவ்வளவு அழகா இருந்தது.

மறுநாள் வயரைத் திருப்பிச் சொருகியிருக்காள். எந்த ஓட்டையில எந்த வயர்னு ரூட்டர்லயே எழுதியிருக்கும். எழுத்து மேல குங்குமம். சாமிக்கு வெச்ச பொட்டை அழிக்கக் கூடாதுன்னு உத்தேசமா சொருகிட்டாள். வெளியில இருந்து வர்ற லைன் வேற ஓட்டைக்குப் போயிடுச்சு.

உடுமலை மிஷின் முழிச்சது. கோயமுத்தூர் கதவைத் தட்டினது. பொள்ளாச்சி கதவைத் தட்டினது. யாரும் திறக்கலை. சரி, இனிமேல் நான்தான்னு உட்கார்ந்துடுச்சு. ரத்தம் எடுத்தாங்க, பேர் ஏத்தினாங்க, ரிசல்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு குறையும் இல்லாம நடந்தது. அதனாலேயே ஒருத்தருக்கும் தெரியலை. இங்க கோயமுத்தூர்ல நாங்களும் எல்லாரும் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருந்தோம்.

அந்த மாசத்துலதாங்க மரகதக்கா மாறினது.

அதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒட்டு. நான் ஞாயித்துக்கிழமையானா வீடியோ கால் பண்ணுவேன், அவங்க இவளைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, "அம்மாவுக்கு முத்தம் குடு"ன்னு சொல்லுவாங்க, இவள் போன் கண்ணாடியை எச்சில் பண்ணுவாள். அந்த மாசம் ஒரு நாள் மத்தியானம் அவங்க கூப்பிட்டிருக்காங்க. நிறையத் தடவை. நான் பொள்ளாச்சி பிராஞ்ச்ல மிஷினைத் திறந்து போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், போன் சைலன்ட்ல பையில கிடக்குது. சாயங்காலம் பஸ்ல வர்றப்போ பார்த்துட்டுக் கூப்பிட்டேன். நான் எப்பவும் போலத்தான், "என்னக்கா, பாப்பா எப்படி இருக்காள், சாப்பிடறாளா, சேட்டை பண்றாளா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அவங்க, "உனக்கா தெரியாது?"ன்னாங்க. போனை வெச்சுட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. பிள்ளையை விட்டுட்டுப் போனவள்னு குத்திக்காட்டறாங்கன்னு தோணாதா? தோணுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடலை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டா, தூங்கறாள்ங்கறாங்க. அதுக்கடுத்து, பக்கத்து வீட்டுல விளையாடறாள்ங்கறாங்க. சரி, பிள்ளை மேல பாசம் ஜாஸ்தியாகி என்னை ஒதுக்கறாங்கன்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மனசுக்குள்ள கணக்குக்கூடப் போட்டேன், அவங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு, எனக்கு இருக்கிறது ஒண்ணுதானேன்னு.

மாசக் கடைசியில அக்கவுண்ட்ஸ்ல இருந்து சத்தம் போட்டாங்க, உடுமலை வசூலையே காணோம்னு. அப்போதான் பார்த்தோம். தங்கவேலு சார் தலையில கையை வெச்சுக்கிட்டார். ரெண்டு தலைவர். ரெண்டு உண்மை. ரெண்டையும் அப்படியே ஒட்ட வைக்க முடியாதுங்க. ஒரு பக்கத்தை அழிச்சு வெறும் மிஷினாக்கி, அப்புறம்தான் மத்ததோட சேர்க்கணும். எது சின்னதோ அதை அழிக்கிறது. உடுமலைதானே சின்னது. அழிக்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்கிறதைத் தனியா எடுத்து வைக்கலாம், வைக்க முடியாதுன்னு இல்லை. ஒரு முழு நாள் ஆகும். சார்தான், "ரிசல்ட் பேப்பர் எல்லாம் அவங்கவங்க கைக்குப் போயாச்சும்மா, வசூலை மட்டும் தேவிகாகிட்ட வாங்கிக்கோ, அழிச்சுட்டு சேர்த்துவிடு"ன்னார். நான் உடுமலைக்கு வந்தேன். ரூட்டர்ல பொட்டு அப்படியேதான் இருந்தது. வயரை மாத்திச் சொருகினேன். அழிக்கிற கட்டளையைக் கொடுத்தேன். நிஜமாவா, நிஜமாவான்னு கேட்டது. ஆமான்னேன். அப்புறம் முழிச்சது, கோயமுத்தூர் கதவைத் தட்டினது, திறந்தது, சேர்ந்துக்கிச்சு. எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுங்களா. தேவிகாவும் நானும் டீ வாங்கிக் குடிச்சோம். "பாப்பா இப்போ நல்லா இருக்காளாக்கா"ன்னு கேட்டாள், நல்லா இருக்காள்னேன்.

அதான், நீங்க கேட்பீங்கன்னு தெரியும். உடுமலை வரைக்கும் வந்தவள், டவுன் பஸ் ஏறினா ஊர், போய்ப் பிள்ளையைப் பார்த்திருக்கலாமேன்னு. பஸ் பக்கத்துலதான் நின்னுது. பார்த்தேன். ஆனா ஒண்ணு யோசிங்க அக்கா. நான் போவேன், இவள் ஒட்டிக்குவாள், மறுபடி நான் பிச்சுக்கிட்டு வரணும். பிள்ளைக்குத்தானே கஷ்டம்? அதுவும் மரகதக்கா முகத்தைத் தூக்கி வெச்சுட்டு இருக்கிற நேரம். வர்றப்போ நல்ல சேதியோட, வீடு பார்த்துட்டேன்னு வரணும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் போகலை. வேற ஒண்ணும் இல்லை.

அப்புறம் மூணு ஊர்லயும் செட்டிங்கை முறையா மாத்தற வேலை வந்தது. தீபாவளிக்கு டிரஸ் அனுப்பினேன். சின்னதாப் போச்சுன்னு மரகதக்கா மெசேஜ் போட்டாங்க. எனக்கு எப்படிங்க அளவு தெரியும்? பொங்கலும் போச்சு. இப்போதான் ஹாஸ்டலை விட்டுட்டு ஒரு வீடு எடுத்திருக்கேன். ஒரு ரூம்தான், ஆனா மாடிப்படிக்கு கேட் போட்டுத் தர்றேன்னிருக்கார் ஹவுஸ் ஓனர். கீழ் வீட்டம்மா பகல்ல பிள்ளைகளைப் பார்த்துக்கறாங்க. தொட்டில்கூட வாங்கிட்டேன். காலையில பார்த்ததும்தான் தெரியுது, தொட்டில்ல போடற வயசெல்லாம் தாண்டிடுச்சு.

இப்போ பரவாயில்லை, உங்க மேல சாஞ்சுட்டாள். கை வலிச்சா சொல்லுங்க, ஆனா வாங்கினா முழிச்சுக்குவாள்.

இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்றேன். மரகதக்கா பையெல்லாம் கட்டித் தயாரா வெச்சிருந்தாங்க. சண்டை போடுவாங்கன்னு நினைச்சுட்டுப் போனேன், போடலை. இவளுக்குத் தோசை எப்படிப் பிடிக்கும், தூங்கறப்போ எந்தக் காதைப் பிடிச்சுக்குவாள், மழை பெய்ஞ்சா கால்ல துணி சுத்தணும், எல்லாம் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே வந்தவங்க, "காய்ச்சல் வந்தா மட்டும் விட்டுடாதே, ஒரு தடவை பட்டிருக்கு"ன்னாங்க.

என்ன காய்ச்சல்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "நடிக்காதே சௌந்தர்யா"ன்னாங்க.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "என் பிள்ளைக்கு என்னன்னு எனக்குச் சொல்லாம மறைச்சுட்டு, என்னை நடிக்கறேங்கறீங்களா"ன்னு கத்திட்டேன். அப்போதான் அவங்க வாயைத் திறந்தாங்க.

"ஆயுத பூஜை முடிஞ்ச கையோட படுத்தா. டெங்குன்னாங்க. முதல் நாளே உனக்குக் கூப்பிட்டேன், நீ எடுக்கலை. உங்க லேப்லதான் ரத்தம் குடுத்தோம். எங்க சௌந்தர்யாவுக்கு எப்படியாச்சும் சொல்லணும் சாமின்னு அந்தக் கவுண்டர்ப் பொண்ணுகிட்டக் கேட்டேன். அக்கா, நீங்க சொல்லவே வேண்டாம், இங்க ஏத்தறதெல்லாம் அங்க அவங்க கண்ணு முன்னாடி வந்துரும், அந்த வேலையே அவங்கதான் பார்க்கறாங்கன்னா. சரி, நீ பார்த்துட்டு ஓடி வருவேன்னு இருந்தேன். சாயங்காலம் போன் பண்ணி, சேட்டை பண்றாளான்னு சிரிக்கறே."

நான் நிக்கறேன். இவள் அவங்க முந்தானையைப் பிடிச்சுட்டு நிக்கறாள்.

"தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. தினமும் கவுண்ட் இறங்குச்சு. இன்னைக்குப் பார்த்திருப்பா, இன்னைக்கு வந்துருவான்னு ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துட்டுக் கிடந்தேன். ஒரு நாள் ராத்திரி இவளுக்கு மூக்குல ரத்தம் வந்துது. அன்னைக்கு முடிவு பண்ணிக்கிட்டேன், இனிமேல் இவளுக்கு நான்தான்னு."

வண்டியில இருக்கிற ஆம்பளைங்ககிட்டயும் சொல்லலை. வண்டி ஓட்டறவங்ககிட்ட வீட்டு நோவைச் சொல்றதில்லைங்க எங்க வீட்டுல. ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்கும்பாங்க. ஊர் வந்து சேர்ந்த பிறகு சொல்லலாம்னா, அதுக்குள்ள இவள் எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டாள். எனக்குத்தான் தெரியுமேன்னு அவங்க நினைச்சுக்கிட்டு, இதைப் பத்தின பேச்சையே எடுக்கலை.

நான் சொன்னேங்க. விடாம சொன்னேன். அக்கா, அந்த மாசம் உடுமலை பிராஞ்ச் தனியா நின்னுடுச்சு, அங்க ஏத்தினது ஒண்ணுமே எங்களுக்கு வரலைன்னு சொன்னேன். ரூட்டரைச் சொன்னேன், பொட்டைச் சொன்னேன், வயரைச் சொன்னேன், கதவைத் தட்டறது, தலைவரு, உங்களுக்குச் சொன்ன மாதிரியே எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "கடைசியில குங்குமத்து மேலயா பழியைப் போடறே"ன்னாங்க.

வேற எப்படிச் சொல்றது? எதைக் காட்டிச் சொல்றது? வரலைங்கிறதைக் காட்டவே முடியாது இல்லைங்களா. கோயமுத்தூர்ல அந்த மாசத்து உடுமலை எதுவும் இல்லை. உடுமலையில இருந்ததை நான்தான் அழிச்சேன். இன்னைக்கு மூணு ஊர்லயும் தேடினாலும் மிதுனான்னு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலே வரலைன்னுதான் காட்டும். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேர்களை மேல கீழ பார்த்திருக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். யாருங்க பார்ப்பாங்க? நானூறு ஐந்நூறு பேர் இருக்கிற இடத்துல நம்ம பிள்ளை இருக்கும்னு யார் நினைப்பாங்க?

மரகதக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

அப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா அக்கா ஒரு தாய்கிட்ட? வந்திருப்பேன். வேலையை அப்படியே போட்டுட்டு வந்திருப்பேன். பொள்ளாச்சியில மிஷினை மூடி வெச்சுட்டு, மீதி வேலையை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு... வந்திருப்பேன்தானே? நீங்க சொல்லுங்க. என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?

கோபத்துல நானும் ஒண்ணு சொல்லிட்டேன். கோபம்னு இல்லை, யோசிச்சுத்தான் சொன்னேன். "ஒரு மாசத்துக்கு நீங்க போன் பண்ணாதீங்க, உங்க குரல் கேட்டா இவள் என்கிட்ட ஒட்ட மாட்டாள், முழுசா மறந்தாத்தான் புதுசாச் சேர முடியும்"னு. பிள்ளை நல்லதுக்குத்தானே? அவங்க சரின்னு தலையை ஆட்டினாங்க. பையை எடுத்துக் கொடுத்தாங்க. இவள் கையை முந்தானையில இருந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க. பஸ் ஸ்டாப்புக்குக்கூட வரலை.

இப்போ பாருங்க, பஸ் ஏறினதுல இருந்து நான் கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்கறாங்க. சண்டைக்கெல்லாம் இல்லை, பையில ஒரு டானிக் இருக்கு, எவ்வளவு கொடுக்கணும்னு கேட்கத்தான். ரிங் போகுது, போகுது, நின்னுடுது. ஏன் எடுக்க மாட்டேங்கறாங்கன்னே புரியலை.

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் பேசச் சொல்லலாம். அவர் வண்டியில இருக்கார்.

அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? தப்பா நினைக்கக் கூடாது. உங்க போன்ல இருந்து ஒரு கால் போட்டுத் தர்றீங்களா? புது நம்பர்னா எடுப்பாங்க, லாரியில இருந்து வேற யார் போன்லயாவது கூப்பிடுவாங்கன்னு எப்பவும் எடுப்பாங்க. நான் பேசலை. நீங்க பேசுங்க. நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கு. நீங்க யாரோ, அவங்களுக்கு வேண்டியவங்களும் இல்லை, எனக்கு வேண்டியவங்களும் இல்லை. நீங்க சொன்னா கேட்பாங்க. மிஷின் கதையெல்லாம் வேண்டாம். "அவளுக்கு நிஜமாவே தெரியாதாம். பஸ்ஸுல பக்கத்துல உட்கார்ந்து வர்றேன், முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி இல்லை"ன்னு. அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.

நம்பர் சொல்றேன், போடுங்க.

ரிங் போகுதுங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க, பஸ் சத்தத்துல கேட்காது. மெதுவா, பிள்ளை முழிச்சுக்கும்.

எடுத்துட்டாங்க. சொல்லுங்க. ஹலோ சொல்லுங்க.

ஐயோ, முழிச்சுட்டாள். குரல் கேட்டுடுச்சு. பாருங்களேன், அழலை. எப்படிப் பார்க்கறாள் பாருங்க போனை. அம்மிணி, இரு கண்ணு, இந்த அத்தை முதல்ல ஒரு விஷயம் பேசிக்கட்டும், ஒரே ஒரு விஷயம்... சரி. சரி, பிடுங்காதே.

கொடுத்துடுங்க அக்கா. அவள்கிட்டயே கொடுத்துடுங்க. என் விஷயம் இருக்கட்டும்.

பேசட்டும். காதுல வெச்சுக்கத் தெரியாது, கன்னத்துல வெச்சுக்குவாள், அப்படியே விடுங்க.

உங்க போன்ல சார்ஜ் இருக்குதுங்களா?